மூடிய பிறகுதான் அது வாய்க்கால்

வீட்டில் சுகர் பார்க்கும் மெஷின் இருந்தால், அதற்கான ஸ்ட்ரிப் ஒன்றை எடுத்து நுனியைக் கவனித்துப் பாருங்கள். விரலில் குத்தியதும் வரும் ரத்தத் துளியை அந்த நுனியில் லேசாகத் தொட்டால் போதும். யாரும் ஊதாமல், அழுத்தாமல், ரத்தம் தானாக உள்ளே ஓடிவிடுகிறது. ஓடுகிறது என்றால் ஓட ஒரு வழி இருக்க வேண்டுமே? இருக்கிறது. தோராயமாக 5 மி.மீ. நீளம், 1 மி.மீ. அகலம், 0.1 மி.மீ. உயரம் கொண்ட ஒரு வாய்க்கால். மூன்றையும் பெருக்கினால் அரை மைக்ரோலிட்டர். ஒரு சொட்டுத் தண்ணீரை நூறு பங்கு போட்டால் கிடைக்கும் ஒரு பங்கு, அவ்வளவுதான்.

1965-இல் அமெரிக்காவின் ஏம்ஸ் நிறுவனம் டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ் என்ற பட்டையைக் கொண்டுவந்தது. அதற்கு 50 முதல் 100 மைக்ரோலிட்டர் ரத்தம் வேண்டும். பெரிய துளியாகப் பட்டையின் மேல் வைத்து, ஒரு நிமிடம் காத்திருந்து, தண்ணீரில் கழுவி, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே வேதியியலும் மின்னணுவியலும் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனாலும் தேவையான ரத்தம் நூற்றில் ஒரு பங்காகச் சுருங்கியதில் அந்தக் குட்டி வாய்க்காலுக்குப் பெரிய பங்கு உண்டு. அதைச் செய்திருக்கும் விதம் வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. அடியில் மின்முனைகள் பதித்த ஒரு பாலியெஸ்டர் பிலிம். நடுவில் இரண்டு பக்கமும் பசை உள்ள ஒரு பிலிம். அதில் வாய்க்காலின் வடிவம் மட்டும் வெட்டி எடுக்கப்பட்டிருக்கும். மேலே மூடியாக இன்னொரு பிலிம். மூன்றையும் ஒட்டினால் வேலை முடிந்தது.

நம் வயலில் வாய்க்கால் வெட்டினால் வெட்டிய உடனே தண்ணீர் விடலாம். மேலே மூடி தேவையில்லை. தலைமுடி தடிமனில் வெட்டிய வாய்க்கால் அப்படியல்ல. திறந்து கிடந்தால் அதில் உள்ள திரவம் சீக்கிரமே ஆவியாகிப் போகும், அழுத்தம் கொடுத்துத் தள்ளவும் முடியாது. மேலே ஒரு கூரை போட்டு, ஓரமெல்லாம் கசியாமல் அடைத்த பிறகுதான் அது வாய்க்கால். அதுவரை வெறும் கீறல். இப்படி மயிரிழை வாய்க்கால்களில் திரவத்தை ஓட்டும் துறைக்கு நுண்பாய்மவியல் என்று பெயர். அதன் கருவிகளைப் பற்றிப் பேசும்போது எப்படி வெட்டினோம், எவ்வளவு நுணுக்கமாக வெட்டினோம் என்றுதான் எல்லோரும் பேசுவார்கள். என்னைக் கேட்டால், பிலிமில் செய்யும் கருவியின் தலையெழுத்து மூடுகிற இடத்தில்தான் எழுதப்படுகிறது.

இந்தத் துறையே முதலில் சிலிக்கானிலும் கண்ணாடியிலும் தொடங்கியது. ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில், சீபா-கைகி நிறுவனத்தில் வேலை பார்த்த ஆண்ட்ரியாஸ் மான்ஸும் உடன் இருந்தவர்களும் 1990-இல் ஒரு யோசனையை முன்வைத்தார்கள்: ஒரு வேதியியல் ஆய்வகத்தில் நடக்கும் எல்லா வேலைகளையும் ஒரு சில்லுக்குள் அடக்கிவிடலாம். அதற்கு அன்றைக்குக் கையில் இருந்தது கணினிச் சில்லு செய்யும் தொழில்நுட்பம். அது துல்லியமானதுதான், ஆனால் விலை அதிகம். கண்ணாடியைக் கண்ணாடியோடு ஒட்ட 600 டிகிரி அளவுக்குச் சூடேற்ற வேண்டும் என்றால் எத்தனை ஆய்வகங்களால் முடியும்?

1998-இல் ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸின் குழு பி.டி.எம்.எஸ். என்ற சிலிக்கோன் ரப்பரை வைத்து ஒரு வழி காட்டியது. பாகு போன்ற திரவத்தை அச்சில் ஊற்றி, அடுப்பில் ஓரிரு மணி நேரம் வைத்தால் கெட்டியான ரப்பர் பாளமாக உரிந்து வரும். அதையும் ஒரு கண்ணாடித் துண்டையும் ஆக்சிஜன் பிளாஸ்மாவில் (மின்சாரத்தால் அயனியாக்கிய ஆக்சிஜன் வாயு) ஒரு நிமிடம் காட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் போதும். இரண்டு பரப்புகளிலும் புதிதாக முளைத்த ஹைட்ராக்சில் தொகுதிகள் கைகோத்து, சிலிக்கான்-ஆக்சிஜன்-சிலிக்கான் பிணைப்பாகிவிடும். பிரிக்க நினைத்தால் ரப்பர்தான் கிழியும். பசையும் வேண்டாம், சூடேற்றி அழுத்தும் பிரஸ்ஸும் வேண்டாம். ஒட்டுதல் என்ற தலைவலியே இல்லாத ஒரு பொருள் கிடைத்ததும், கல்வி நிலையங்கள் அதை விட்டு நகரவே இல்லை.

அதன் குறைகள் பிறகு தெரிய ஆரம்பித்தன. ரப்பர் என்பதால் காற்றும் நீராவியும் அதை ஊடுருவும். எண்ணெய்த்தன்மை உள்ள சிறு மூலக்கூறுகளைப் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்ளும். மருந்துச் சோதனை செய்கிறோம் என்று வாய்க்காலில் விட்ட மருந்தில் ஒரு பகுதி சுவருக்குள் போய்விட்டால், செல்லுக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? அப்புறம் வேகம். ஒவ்வொன்றாக ஊற்றி, வேகவைத்து, உரித்து எடுக்கும் பண்டத்தை லட்சக்கணக்கில் செய்ய முடியாது. இந்த இடத்தில்தான் சாதாரண பிளாஸ்டிக் பிலிம்கள் மேடைக்கு வருகின்றன: பாலியெஸ்டர், அக்ரிலிக், பாலிகார்பனேட், மாத்திரை அட்டைகளிலும் பயன்படும் சி.ஓ.சி. (சைக்ளிக் ஓலிஃபின் கோபாலிமர்) போன்றவை. 25 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 50, 100, 125 என்று குறிப்பிட்ட தடிமன்களில் சுருள் சுருளாக விலைக்குக் கிடைக்கின்றன.

பிலிமின் பெரிய வசதி இந்தத் தடிமனில்தான் இருக்கிறது. பாளத்தில் வாய்க்கால் குடைய வேண்டுமென்றால் ஆழத்தைத் துல்லியமாகக் கட்டுப்படுத்த வேண்டும். பிலிமில் அந்தக் கவலை இல்லை. 100 மைக்ரான் பிலிமை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை வெட்டி எடுத்துவிட்டு, மேலும் கீழும் இரண்டு பிலிம்களால் மூடினால் வாய்க்காலின் உயரம் 100 மைக்ரான். ஆழத்தை அளந்து கொடுத்தது நாமல்ல, பிலிம் ஆலை. அடுக்குகளைக் கூட்டினால் ஒரு வாய்க்கால் இன்னொன்றின் மேலே பாலம் போலக் கடந்து போகலாம், ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்குத் துளை வழியாக இறங்கலாம். வாஷிங்டன் மாநிலத்தில் ரெட்மண்ட் நகரில் இயங்கிய மைக்ரோனிக்ஸ் நிறுவனத்தினர் 2001-லேயே இப்படிப் பாலியெஸ்டர் பிலிம்களை லேசரில் வெட்டி, அடுக்கி, ஒட்டி, வாரக்கணக்கில் எடுக்கும் வேலையை மிகக் குறைந்த நேரத்தில் முடிக்கலாம் என்று எழுதினார்கள்.

வெட்டுவதற்கு லேசர்கூடக் கட்டாயமில்லை. 2005-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு குழு விளம்பரப் பலகைகளுக்கு ஸ்டிக்கர் வெட்டும் மெஷினைக் கொண்டுவந்து வைத்து, அதன் கத்தி முனையால் வாய்க்கால்களை வெட்டியது. நம்மூரில் நம்பர் பிளேட்டுக்கு ரேடியம் ஸ்டிக்கர் வெட்டித் தரும் கடையில் பார்த்திருப்பீர்களே, அந்த ஜாதி மெஷின்தான். சவரக்கத்தியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை எடுத்து இந்த முறைக்குச் ‘சூரோகிராஃபி’ என்று கம்பீரமாகப் பெயர் வைத்தார்கள். கால் மி.மீ. அகல வாய்க்கால்களுக்கு இது தாராளமாகப் போதும். அதைவிடக் குறுகலாக வேண்டுமென்றால் சூடான உலோக அச்சால் பிலிமில் முத்திரை குத்தலாம், உருளைகளுக்கு நடுவே ஓடும் பிலிமில் தொடர்ச்சியாகவும் குத்தலாம். வெட்டும் பக்கத்தில் சொல்ல இவ்வளவு போதும். இனி மூடி.

முதலில் ஒரு கணக்கு. தட்டையான வாய்க்காலில் திரவம் சந்திக்கும் தடை, வாய்க்கால் உயரத்தின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதம். உயரம் 10 சதவீதம் குறைந்தால் தடை ஏறத்தாழ 37 சதவீதம் கூடும். 20 சதவீதம் குறைந்தால் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். ஆக, 50 மைக்ரான் வாய்க்காலை ஒட்டும்போது மூடி 10 மைக்ரான் உள்ளே தொங்கிவிட்டால், கண்ணுக்கு எதுவும் தெரியாது, கருவி மட்டும் பாதி வேகத்தில் ஓடும். பிரிந்து ஓட வேண்டிய இரண்டு கிளைகளில் ஒன்று மட்டும் தொங்கியிருந்தால் இன்னும் மோசம். திரவத்தின் பெரும்பகுதி மற்ற கிளை வழியாகப் போய்விடும்.

மூடி எவ்வளவு வளையும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. வளைவு வாய்க்கால் அகலத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதம், பிலிம் தடிமனின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதம். 50 மைக்ரான் பிலிம், 1 மி.மீ. அகல வாய்க்கால், ஒரு மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் என்று எடுத்துக்கொண்டால் வளைவு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. பயமே இல்லை. அதே பிலிமை 3 மி.மீ. அகல அறையின் மேல் போட்டால் கணக்கு 81 மடங்கு என்கிறது. உண்மையில் பிலிம் இழுபட்டுக் கொஞ்சம் தடுத்துக்கொள்ளும், இருந்தாலும் அறை பூரி மாதிரி உப்பும். அதனால்தான் அகலமான அறைகளுக்கு நடுவே தூண்கள் விடுகிறார்கள். இதெல்லாம் அறை வெப்பநிலைக் கணக்கு. ஒட்டுவதற்காகச் சூடேற்றும்போது பிலிமின் விறைப்பே போய்விடும்.

அங்கேதான் முரண். விறைப்பு போகாமல் ஒட்டாது, விறைப்பு போனால் தொங்கும்.

சூட்டில் ஒட்டுவதைப் புரிந்துகொள்ள, கோடைக்காலத்தில் பெட்டிக்கடைக் கண்ணாடி ஜாடியில் கிடக்கும் கமர்கட்டை நினைத்துக்கொள்ளலாம். மார்கழியில் கல் மாதிரி தனித்தனியாகக் கிடக்கும். சித்திரை வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஆனால் உருகி ஓடுவதில்லை. வெல்லப்பாகு முறுகிக் கண்ணாடி போல உறைந்த பொருள் அது. ஒரு குறிப்பிட்ட சூட்டைத் தாண்டியதும் உள்ளே இருக்கும் மூலக்கூறுகளுக்கு அசைய இடம் கிடைக்கிறது, பரப்பு பிசுபிசுக்கிறது. பிளாஸ்டிக்குக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. கண்ணாடிநிலை வெப்பநிலை என்பார்கள். அக்ரிலிக்குக்கு அது சுமார் 105 டிகிரி, பாலிகார்பனேட்டுக்கு 145-ஐ ஒட்டி. அந்த எல்லையை நெருங்கும்போது இரண்டு பிலிம்களின் நீண்ட பாலிமர் சங்கிலிகள் எதிர்ப்பக்கத்துக்குள் நுழைந்து சிக்கிக்கொள்ளும். நிறைய நுழைந்துவிட்டால் எது மூடி எது அடி என்ற கோடே மறைந்துவிடும். பசை எதுவும் இல்லை, நான்கு சுவரும் ஒரே பொருள். இதைவிடச் சுத்தமான ஒட்டு கிடையாது.

ஆனால் அந்த எல்லையை நெருங்கிய பிலிம் வாய்க்காலுக்குள்ளும் இறங்கத் தயாராக இருக்கும். ஐந்து டிகிரி குறைந்தால் நகத்தால் உரிக்கலாம், ஐந்து டிகிரி கூடினால் வாய்க்கால் இல்லை. பிரஸ்ஸின் தட்டு முழுக்க ஒரே சூடு இருக்கிறதா, அழுத்தம் சமமாக விழுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். பாலிகார்பனேட் போன்றவை காற்றிலிருந்து கொஞ்சம் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். உலர்த்தாமல் பிரஸ்ஸில் வைத்தால் அந்த ஈரம் ஆவியாகிக் கொப்புளம் கொப்புளமாக எழும்.

பிலிமுக்கென்றே இன்னொரு சிக்கல் உண்டு. பாலியெஸ்டர் பிலிமை ஆலையில் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்துத்தான் மெல்லியதாக்குகிறார்கள். அந்த இழுப்பு உள்ளே உறைந்து கிடக்கும். நன்றாகச் சூடேற்றினால் பிலிமுக்குப் பழைய நினைவு வந்து கொஞ்சம் சுருங்கும். ஒரு சதவீதம்தானே என்று விட முடியாது. 75 மி.மீ. நீளக் கருவியில் ஒரு சதவீதம் என்றால் முக்கால் மி.மீ. வாய்க்காலின் அகலமே அதில் பாதிதான் இருக்கும். ஓர் அடுக்கின் துளை இன்னோர் அடுக்கின் வாய்க்காலைச் சந்திக்காமலே போய்விடும். இதே குணத்தைக் குறை என்று தள்ளாமல் பயன்படுத்திக்கொண்டவர் மிஷெல் கைன். அவர் இருந்த கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மெர்செட் வளாகம் அப்போதுதான் புதிதாகத் தொடங்கியிருந்தது, தூசியற்ற ஆய்வறை வசதி கையில் இல்லை. குழந்தைகள் படம் வரைந்து அடுப்பில் வைத்துச் சுருக்கி விளையாடும் ‘ஷ்ரிங்கி டிங்க்ஸ்’ பாலிஸ்டைரீன் தாளில், லேசர் பிரிண்டரால் வாய்க்கால் படத்தை அச்சிட்டுச் சூடேற்றினார். தாள் பாதிக்கும் மேல் சுருங்கியது, மையின் மேடு உயர்ந்தது. அதையே அச்சாக வைத்து வாய்க்கால் வார்த்ததை அவருடைய குழு 2008-இல் வெளியிட்டது.

தொங்கும் பிரச்சினைக்கு எனக்குத் தெரிந்த மிக அழகான தீர்வு சி.ஓ.சி. பிலிம்களில் இருக்கிறது. ஒரே குடும்பத்துப் பிளாஸ்டிக். உள்ளே கலக்கும் இரண்டு மூலப்பொருள்களின் விகிதத்தை மாற்றினால் இளகும் சூடு மாறும். டோபாஸ் என்ற பெயரில் விற்கும் வகைகளில் ஒன்று 78 டிகிரியில் இளகும், இன்னொன்று 138-இல். வாய்க்காலை 138 வகையில் செதுக்கி, 78 வகையின் மெல்லிய பிலிமை மூடியாகப் போட்டு, 80 டிகிரியை ஒட்டி அழுத்தினால் மூடி மட்டும் பிசுபிசுக்கும், வாய்க்கால் கல் போல நிற்கும். மூடியின் வெளிப்புறமும் 138 வகையாக இருந்து, உட்புறத்தில் மட்டும் 78 வகை மெல்லிய பூச்சாக இருந்தால் தொங்குவதும் நின்றுவிடும். அலுவலகத்தில் ரேஷன் கார்டை லேமினேஷன் செய்கிற உறையும் இதே தத்துவம்தான். வெளியே இளகாத பாலியெஸ்டர், உள்ளே சீக்கிரம் உருகும் இ.வி.ஏ. என்ற பிளாஸ்டிக். அந்த உறையையும் லேமினேஷன் மெஷினையும் வைத்தே வாய்க்கால் செய்பவர்கள் உண்டு. ஆனால் 78 டிகிரி மூடி போட்ட கருவியில் டி.என்.ஏ.வைப் பல மடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். செய்ய முடியாது. அதற்கு ஒவ்வொரு சுற்றிலும் 95 டிகிரிக்குப் போக வேண்டும்.

சூட்டுக்குப் பதில் கரைப்பானைக் கொண்டும் பரப்பை இளக்கலாம். கடைகளில் அக்ரிலிக் பெட்டி செய்பவர்கள் ஊசியில் குளோரோஃபார்மை எடுத்து மூட்டில் விட்டு ஒட்டுவதும் இதுதான். வாய்க்காலுக்கு அது முரட்டு வைத்தியம். ஓரங்கள் கரைந்து ஓடும். கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், அரைகுறைக் கரைப்பானைத் தேர்ந்தெடுப்பது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் அறைச்சூட்டில் அக்ரிலிக்கைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. 70 டிகிரி அளவுக்குச் சூடேற்றினால் மேல்தோலை மட்டும் இளக்கும். கால் மணி நேரம் கிளிப் போட்டு வைத்தால் ஒட்டு விழும், மிச்ச ஆல்கஹால் பறந்துவிடும். சி.ஓ.சி.க்கு இந்தக் கதை தலைகீழ். ஆல்கஹாலும் அசிட்டோனும் அதை அசைக்காது. சைக்ளோஹெக்சேன் போன்ற ஹைட்ரோகார்பன்களின் ஆவி பட்டாலே இளகும்.

இதில் புதிதாக வருபவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று உண்டு. லேசரில் வெட்டிய அக்ரிலிக்கின் ஓரத்தில் சூட்டால் உண்டான இழுவிசை தங்கியிருக்கும். அதைச் சுத்தம் செய்கிறேன் என்று ஆல்கஹாலால் துடைத்தால் ஓரமெங்கும் மயிரிழை விரிசல்கள் படரும். வெட்டியதும் 80 டிகிரி அடுப்பில் சில மணி நேரம் வைத்து மெதுவாக ஆறவிட்டால் இந்த வம்பு வராது.

மூன்றாவது வழி, பரப்பை மட்டும் குணம் மாற்றுவது. மெர்க்குரி விளக்கின் 185 நானோமீட்டர் புற ஊதா ஒளி காற்றில் ஓசோனை உண்டாக்கும், 254 நானோமீட்டர் ஒளி அதை உடைத்து வினைத்திறன் மிக்க ஆக்சிஜனாக்கும். அது பிலிமின் மேல்தோலில் உள்ள நீண்ட சங்கிலிகளை நறுக்கி, ஆக்சிஜன் தொகுதிகளை ஏற்றிவிடும். குட்டையான சங்கிலிகள் சீக்கிரம் அசையும். அதனால் உள்ளே கெட்டியாக இருக்கும்போதே தோல் மட்டும் ஒட்டத் தயாராகிவிடும். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் டான் டெவோவின் குழு 2007-இல் அக்ரிலிக்கையும் சி.ஓ.சி.யையும் இப்படி அவற்றின் இளகு சூட்டுக்கு வெகு கீழேயே ஒட்டிக் காட்டியது. கூடுதல் லாபம், பரப்பு தண்ணீரை விரும்பத் தொடங்கும். 100 மைக்ரான் உயர வாய்க்காலின் மேல்சுவரும் கீழ்ச்சுவரும் தண்ணீரை முழுதாக ஏற்றுக்கொண்டால், அந்த உறிஞ்சல் 14 செ.மீ. உயரத் தண்ணீரைத் தாங்கும் அளவுக்கு வலுவானது. பம்பே தேவையில்லை. ஆனால் இந்த விருப்பம் நிலைக்காது. நாள் ஆக ஆக மேல்தோல் பழைய குணத்துக்குத் திரும்பும். கடை அலமாரியில் ஒன்றரை வருடம் கிடக்க வேண்டிய பொருளுக்கு இதை நம்ப முடியாது. அதனால் ஸ்ட்ரிப்பின் மூடி பிலிமில் தண்ணீரை ஈர்க்கும் பூச்சைத் தனியாகப் பூசுகிறார்கள்.

கடைசியாக, எல்லோரும் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கும் டபுள் சைட் டேப். அழுத்தினால் ஒட்டும் பசை. சூடு வேண்டாம், கரைப்பான் வேண்டாம், பிளாஸ்மா வேண்டாம். ஆய்வுக் கட்டுரைகளில் இதைப் பயன்படுத்தியவர்கள் ஏதோ குறுக்கு வழியில் வந்தவர்கள் மாதிரி இரண்டு வரியில் சொல்லிக் கடந்துவிடுவார்கள். குறைகள் உண்டுதான். பசை வாய்க்காலின் பக்கச் சுவராகவே நிற்கும், சில மூலக்கூறுகள் அதில் ஒட்டிக்கொள்ளும். சில பசைகள் ஒளியூட்டினால் தானே மின்னி, ஒளிர் சாயத்தை வைத்து அளப்பதைக் கெடுக்கும். 95 டிகிரியில் இளகிக் குமிழி விடும். நீண்ட நாள் அழுத்தத்தில் மெல்ல நகரும்.

இருந்தும் உலகில் மிக அதிகமாகச் செய்யப்படும் பிலிம் வாய்க்கால் டேப்பால்தான் மூடப்படுகிறது. காரணம் மலிவு மட்டுமில்லை. ஸ்ட்ரிப்பின் உள்ளே குளுக்கோஸை இனம்கண்டு வினைபுரியும் நொதி உலர்ந்த நிலையில் இருக்கிறது. நொதி என்பது புரதம், அதைச் சூட்டிலும் கரைப்பானிலும் காட்ட முடியாது. வாய்க்காலை முதலில் மூடிவிட்டு, பிறகு அந்தச் சிறு துளை வழியாக நொதியைச் சீராகப் பூசி உலர்த்துவதும் நடக்காத காரியம். ஆகவே முதலில் பூச வேண்டும், பிறகு மூட வேண்டும். அப்படியென்றால் மூடும் முறை நொதியைத் தொந்தரவு செய்யாததாக இருக்க வேண்டும். 140 டிகிரி பிரஸ் எவ்வளவு அருமையான ஒட்டு போட்டாலும் இங்கே உதவாது. உள்ளே எதை வைத்து மூடப்போகிறோம் என்ற கேள்வியைக் கடைசியில் கேட்டதால் கருவியை மறுபடி முதலிலிருந்து வடிவமைக்க நேர்வது இந்தத் துறையில் மிகச் சாதாரணம். ஆய்வகத்தில் வெறும் சாயத் தண்ணீர் ஓட்டிப் பார்க்கும்வரை இந்தக் கேள்வி எழாது என்பதுதான் வேடிக்கை.

டேப் ஒட்டுவதிலும் கைப்பக்குவம் இருக்கிறது. போனுக்கு ஸ்க்ரீன் கார்டு ஒட்டியவர்களுக்குத் தெரியும், ஒரே ஒரு தூசி போதும். 10 மைக்ரான் தூசி ஒன்று பிலிமுக்கு அடியில் மாட்டினால், அதைச் சுற்றி அதைவிடப் பல மடங்கு பெரிய வட்டத்தில் கூடாரம் போல இடைவெளி நிற்கும். அந்தக் கூடாரம் பக்கத்து வாய்க்காலைத் தொட்டால் கசிவு. அதனால் ஒரு ஓரத்திலிருந்து தொடங்கி, உருளையால் காற்றை முன்னே தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஒட்டிய உடனே சோதிக்கவும் கூடாது. பசை பரப்பின் நுண்மேடு பள்ளங்களில் நிதானமாக வழிந்து நிரம்பி முழுப் பலத்துக்கு வர ஓரிரு நாள் ஆகும்.

மேலே சொன்ன எந்த ஒட்டும் எளிதில் வேலைக்கு ஆகாத இடம் மெல்லிய துளைப் படலம். உடல் உறுப்பின் செயலைச் சில்லில் காட்டும் கருவிகளில் இரண்டு வாய்க்கால்களுக்கு நடுவே நுண்துளைகள் உள்ள ஒரு படலம் இருக்கும். ஒரு பக்கம் ஒரு வகைச் செல், மறுபக்கம் இன்னொரு வகை. 2010-இல் ஹார்வர்டின் வீஸ் நிலையத்தில் டான் ஹூ, டொனால்ட் இங்பர் ஆகியோர் காட்டிய நுரையீரல் சில்லில் அந்தப் படலத்தின் தடிமன் 10 மைக்ரான். அங்கே படலமும் சுவர்களும் ஒரே ரப்பர் என்பதால் ஒட்டியது. அதற்குப் பதில் கடையில் கிடைக்கும் பாலிகார்பனேட் அல்லது பாலியெஸ்டர் துளைப் படலத்தைப் போட்டால் கதை மாறும். திரவப் பசை துளைகள் வழியாக ஊறிப் பரவி, திறந்திருக்க வேண்டிய இடத்தையும் அடைத்துவிடும். சூடேற்றினால் படலம் சுருங்கித் துளைகள் மூடும். அமைன் தொகுதி கொண்ட சிலேன் என்ற சிலிக்கான் சேர்மம் ஒன்றைப் பிளாஸ்டிக்கின் மேல் ஒரு மெல்லிய அடுக்காக ஏற்றி, அதற்குக் கண்ணாடி போன்ற பரப்பைக் கொடுத்து, பிறகு பழைய பிளாஸ்மா வித்தையால் ரப்பரோடு சேர்ப்பது பலரும் கடைப்பிடிக்கும் வழி.

ஒட்டு சரியாக விழுந்ததா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. ஒளியில் சாய்த்துப் பிடித்தால், ஒட்டாத இடங்களில் மண்ணெண்ணெய் சிந்திய தண்ணீரில் தெரிவது போல வானவில் வளையங்கள் தெரியும். அங்கே இரண்டு பிலிம்களுக்கு நடுவே ஒரு மெல்லிய காற்றுப் படலம் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்து, கேசரிப் பவுடர் கலந்த தண்ணீரை அழுத்தத்தோடு ஓட்டி, சிவப்பு எங்காவது கோடு தாண்டுகிறதா என்று பார்ப்பது. அதன் பிறகு அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய் எப்போது வெடிக்கிறது என்று குறிப்பது. இந்த வெடிப்பு அளவைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அது வாய்க்கால் அகலத்தையும் மூடித் தடிமனையும் பொறுத்தது. வேறு வேறு கருவிகளின் எண்களை அருகருகே வைத்து எந்த ஒட்டு சிறந்தது என்று தீர்ப்புச் சொல்வது சரியில்லை. பட்டையை உரித்து எடுக்க எவ்வளவு விசை தேவை என்று அளப்பதே பிலிமுக்கு நேர்மையான சோதனை.

தொழிற்சாலையில் இதெல்லாம் ஓடும் சுருளில் நடக்கிறது. அடி பிலிம் ஒரு சுருளிலிருந்து வர, நடு டேப் வெட்டப்பட்டு வந்து அதன் மேல் உட்கார, நொதி விழுந்து உலர, மூடி பிலிம் வந்து உருளையடியில் அழுந்த, கடைசியில் கத்திகள் தனித்தனிப் பட்டையாக நறுக்குகின்றன. அந்தக் கடைசி வெட்டில்தான் டேப் பழிவாங்கும். கத்தி பசையைக் கடந்து போகும்போது பசை கொஞ்சம் கத்தியில் ஏறும், கொஞ்சம் வெட்டுவாயில் பிதுங்கும். பிதுங்கியது வாய்க்காலின் வாசலில் படிந்தால் ரத்தம் உள்ளே போகாது. மென்மையான பசை நன்றாக ஒட்டும், ஆனால் கத்தியில் இழையும். கெட்டியான பசை சுத்தமாக வெட்டுப்படும், ஆனால் ஓரத்தில் தூக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு பதம் பார்க்க வேண்டியிருக்கிறது.

தேதி முடிந்த ஸ்ட்ரிப் ஒன்று கிடைத்தால் குப்பையில் போடாமல் ஒரு தட்டில் வைத்து, நுனியில் கேசரிப் பவுடர் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். சிவப்பு ஓடி ஓர் இடத்தில் நிற்கும். பல ஸ்ட்ரிப்புகளில் அந்த இடத்தில் உற்றுப் பார்த்தால் காற்று வெளியேற விட்ட சின்னத் துளையோ பிளவோ தெரியும். அதை டேப்பால் அடைத்துவிட்டு இன்னொரு ஸ்ட்ரிப்பில் முயன்றால் தண்ணீர் வாசலிலேயே தயங்கி நிற்கும். பிறகு நகத்தால் மேல் பிலிமை மெல்ல உரியுங்கள். சற்று முன்பு வரை நேராக ஓடிக்கொண்டிருந்த சிவப்பு, கூரை போனதும் பசையின் ஓரமாக ஒதுங்கிச் சிறு சிறு துளிகளாகத் திரண்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடும்.